ஜூன் கடைசி ஞாயிறு ஃப்ரீயா பாஸ்?

வீக்-எண்ட் வந்தா சிறுசேரிவாசிகளுக்கு என்ன பெரிய வேலை? சிப்காட் கேட்ல ஒரு டீ, நாவலூர்ல ஒரு படம், கோவளம் பீச்ல ஒரு ரவுண்ட், திரும்பி வர்ற வழியில கேளம்பாக்கத்துல ரெண்டு பரோட்டா. முடிஞ்சது சண்டே! ‘எங்கே போகலாம்’ பகுதியில இதுவரைக்கும் நாமளும் இதையேதான் மாத்தி மாத்தி எழுதிட்டிருந்தோம்.

இந்த வாரம் கொஞ்சம் வேற ரூட். லிஸ்ட் ஒரு வாரத்துக்கு இல்ல, ஒரு வருஷத்துக்கே இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்.

ஹாஸ்டல்ல ஃபைனல் இயர். ராத்திரி பன்னண்டு மணி. லைட்டை அணைச்சாச்சு. பக்கத்து கட்டில்ல இருந்து ரூம்மேட்டோட குரல்: ‘‘மச்சி, ஜூன் கடைசி ஞாயிறு ஃப்ரீயா?’’

‘‘எதுக்குடா?’’

‘‘எழும்பூர் வரைக்கும் போகணும். தனியா போக பயமா இருக்கு.’’

ஏதோ ஆஸ்பத்திரி மேட்டர்னு நெனச்சேன். அவனே கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னான்: ‘‘வானவில் பேரணிடா. நானும் அந்த ஆளுங்கள்ல ஒருத்தன்தான்.’’

அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும்தான். அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்தது என்ன தெரியுமா? அதே ரூம்ல ரெண்டு வருஷமா நான் அடிச்ச ‘ஒம்போது’ ஜோக்குங்க. ஒவ்வொரு ஜோக்குக்கும் அவனும் சிரிச்சான். எங்க எல்லாரையும் விட சத்தமா சிரிச்சான். ஏன் அவ்ளோ சத்தமா சிரிச்சான்னு அன்னிக்குதான் புரிஞ்சது.

நாங்க எழும்பூர் போனோமா இல்லையாங்கறதைக் கடைசியில சொல்றேன். இப்போ, டைரியை எடுங்க!

ஜூன்: ரோட்டுக்கு வந்த வானவில்

முதல்ல பேரணி. உலகத்துல பல ஊர்கள்ல இதுக்கு ஜூன் மாசம்தான். காரணம், 1969 ஜூன் 28. நியூயார்க்ல ஸ்டோன்வால் இன்-னு ஒரு பார். தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் கூடுற இடம். போலீஸ் ரெய்டு வர்றது அங்கே வழக்கம். வந்தா தலையைக் குனிஞ்சுட்டு வண்டியில ஏறுவாங்க. அன்னிக்கு மட்டும் யாரும் குனியல. எதிர்த்து நின்னாங்க. அந்தக் கலவரம் நாள் கணக்கா நடந்துச்சு. அடுத்த வருஷம் அதே தேதியில ஊர்வலம் போனாங்க.

இந்தியாவுல முதல் நடை கொல்கத்தாவுல. 1999 ஜூலை 2. எத்தனை பேர் நடந்தாங்க? ஏறக்குறைய பதினஞ்சு பேர்! நம்ம கேன்டீன் டேபிள் ரெண்டைச் சேர்த்துப் போட்டா அதுல உட்கார்ற கூட்டம்தான்.

சென்னைக்கு 2009 ஜூன் 28 அன்னிக்கு வந்துச்சு. ஸ்டோன்வாலுக்கு நாப்பதாவது வருஷம், மெரினா கடற்கரை. இதுல ஒரு ஆச்சரியம் என்னன்னா, சரியா நாலு நாள் கழிச்சு, ஜூலை 2-ஆம் தேதி, தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கின 377-வது பிரிவுக்கு எதிரா டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பு கொடுத்துச்சு. அந்தப் பிரிவு 1860-ல வெள்ளைக்காரன் எழுதினது. ஜெயிச்சாச்சுன்னு நெனச்சா, 2013 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணி, மறுபடி முதல் படிக்கே தள்ளிடுச்சு. கடைசியா 2018 செப்டம்பர் 6 அன்னிக்கு அஞ்சு நீதிபதிகள் ஒருமனதா, வயசுக்கு வந்தவங்க சம்மதத்தோட இருக்கறது குற்றமே இல்லைன்னு சொல்லிட்டாங்க. 2024 ஜூலையில வந்த புது தண்டனைச் சட்டத்துல அந்தப் பிரிவே இல்ல.

தமிழ்ல இந்தப் பேரணிக்கு ஒரு அழகான பேர் இருக்கு: ‘வானவில் சுயமரியாதைப் பேரணி’. வெளிநாட்டுல ‘பெருமை’ன்னு சொல்றதை நம்ம ஊர்ல ‘சுயமரியாதை’ன்னு ஆக்கிட்டாங்க. இந்த மண்ணுக்கு அந்த வார்த்தை என்னன்னு தனியா விளக்கணுமா என்ன?

ஆரம்பத்துல மெரினா பக்கம் நடந்தது, பிற்பாடு எழும்பூருக்கு வந்துச்சு. லேங்ஸ் கார்டன் ரோட்டுல கிளம்பி ராஜரத்தினம் ஸ்டேடியம் வரைக்கும் நடந்த வருஷங்கள் உண்டு. வழக்கமா ஜூன் கடைசி ஞாயிறு சாயந்தரம். இடமும் நேரமும் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி உறுதி பண்ணிக்கோங்க. சிறுசேரியில இருந்து போறவங்க வண்டலூர்-கேளம்பாக்கம் ரோட்டைப் பிடிச்சு வண்டலூர் ஸ்டேஷன் வந்துட்டா, எலெக்ட்ரிக் ட்ரெயின் நேரா எழும்பூர்ல இறக்கி விட்டுடும். தாம்பரம்வாசிகளுக்கு இன்னும் ஈஸி!

ஏப்ரல் 15: ஒரே தேதி, ரெண்டு சந்தோஷம்

2008 ஏப்ரல் 15 அன்னிக்கு தமிழ்நாட்டுல திருநங்கைகள் நல வாரியம் தொடங்கினாங்க. இந்தியாவுலேயே முதல் வாரியம் இதுதான். அதனால 2011-ல இருந்து ஏப்ரல் 15 ‘திருநங்கையர் தினம்’. 2014-ல அதே ஏப்ரல் 15 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் ‘நால்சா’ வழக்குல தீர்ப்பு கொடுத்துச்சு. ஒருத்தர் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமாங்கறதை அவங்கவங்களே சொல்லிக்கற உரிமை இருக்குன்னு சொன்ன தீர்ப்பு அது.

இந்த நாளை ஒட்டி கலை நிகழ்ச்சி, கருத்தரங்கு, விருது எல்லாம் நடக்கும். நம்ம காலேஜ்ல தமிழ் மன்றம், என்.எஸ்.எஸ்.னு சங்கம் சங்கமா வெச்சிருக்கோமே, ஏப்ரல் 15-க்கு ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டா என்ன? கூப்பிட்டா வழிச்செலவும் மரியாதையும் ரெண்டும் கொடுங்க. ‘உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க’ன்னு மட்டும் கேட்காதீங்க. அவங்க எழுத்து, நடனம், வேலை, அரசியல்னு எதைப் பத்தியும் பேசலாம்.

சித்திரைப் பௌர்ணமி: கூவாகம்

விழுப்புரம் தாண்டி, உளுந்தூர்பேட்டை பக்கத்துல கூவாகம். இப்போ கள்ளக்குறிச்சி மாவட்டம். கூத்தாண்டவர் கோயில் திருவிழா பதினெட்டு நாள் நடக்கும். மகாபாரதத்துல அர்ஜுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன் அரவான். போர்ல ஜெயிக்கறதுக்காக களபலி ஆகப்போறான். சாகறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரியாவது கல்யாண வாழ்க்கை வேணும்னு கேக்கறான். மறுநாள் தாலியறுக்கப் போற ஒருத்தனுக்கு யார் கழுத்தை நீட்டுவா? கிருஷ்ணனே மோகினியா வந்து கட்டிக்கறார்.

அந்த மோகினியாத்தான் திருநங்கைகள் பூசாரி கையால தாலி கட்டிக்கறாங்க. ராத்திரி முழுக்க ஆட்டம், பாட்டு. மறுநாள் தேர் ஓடி, அரவான் பலி ஆனதும், தாலியை அறுத்து, வளையலை உடைச்சு, வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு அழறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை சொந்த வீட்டுக்கே போக முடியாதவங்களுக்கு இதுதான் ஊர்த் திருவிழா, உறவுக்காரங்க கூடுற இடம். விழுப்புரத்துல ‘மிஸ் கூவாகம்’ அழகிப் போட்டியும் களைகட்டும்.

போகலாமா? தாராளமா! ஆனா வேடிக்கை பார்க்கப் போற பசங்களாலதான் அங்கே பாதிப் பிரச்னை. கும்பலா போய் கிண்டல் பண்றது, தொடறது, செல்போனை மூஞ்சிக்கு நேரா நீட்டறது... உங்க ஊர்த் திருவிழாவுல உங்க அக்காகிட்ட ஒருத்தன் அப்படி நடந்துக்கிட்டா சும்மா விடுவீங்களா?

படம், நாடகம், நாட்டியம், புத்தகம்

கூட்டம் அலர்ஜி உள்ளவங்களுக்கு இது.

படம்: 2013-ல நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவன்ல ‘ரீல் டிசயர்ஸ்’ங்கற பேர்ல சென்னையோட பால்புதுமையர் திரைப்பட விழா தொடங்குச்சு. மாக்ஸ் முல்லர் பவன், அலியான்ஸ் பிரான்சேஸ் ரெண்டோட நோட்டீஸ் போர்டையும் ஜூன், ஜூலையில ஒரு கண் வெச்சிருங்க. ரூம்லேயே பார்க்கறதா இருந்தா, லீனா மணிமேகலையோட ‘இஸ் இட் டூ மச் டு ஆஸ்க்’ (2017) ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்க. சென்னையில வாடகைக்கு வீடு தேடி அலையற ரெண்டு திருநங்கைகளோட கதை. ஓ.எம்.ஆர்.ல பேச்சிலருக்கு வீடு கிடைக்கலைன்னு புலம்பறவங்க கண்டிப்பா பார்க்கணும்! ‘அம்மாஸ் ப்ரைட்’ (2024) இன்னொண்ணு. தூத்துக்குடியில மகளோட கல்யாணத்தைப் பதிவு பண்ணணும்னு கூடவே நின்ன ஒரு அம்மாவைப் பத்தின படம். அந்த வழக்குலதான் மெட்ராஸ் ஹைகோர்ட் மதுரைக் கிளை 2019 ஏப்ரல்ல, இந்து திருமணச் சட்டத்துல ‘மணமகள்’னா திருநங்கையும்தான்னு தீர்ப்பு கொடுத்துச்சு.

நாடகம்: லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் மூணு பேரும் சேர்ந்து தொடங்கின ‘பன்மை’ நாடகக் குழு, தங்களோட வாழ்க்கையையே மேடையில வெச்சாங்க. ஸ்ரீஜித் சுந்தரத்தோட ‘கட்டியக்காரி’ குழுவும் இந்த வகையில முக்கியமானது. எங்கேயாவது இந்தப் பேரெல்லாம் போஸ்டர்ல கண்ணுல பட்டா மிஸ் பண்ணாதீங்க.

நாட்டியம்: நர்த்தகி நடராஜ். மதுரையில பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளைகிட்ட பரதம் கத்துக்கிட்டவர். 2019-ல பத்மஸ்ரீ. அந்த விருது வாங்கின முதல் திருநங்கை. மார்கழி சபா பட்டியல் வந்தா அவர் பேர் இருக்கான்னு தேடுங்க.

புத்தகம்: ஜனவரியில நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போறப்ப மூணு பேரைக் குறிச்சுக்கோங்க. ரேவதியோட ‘உணர்வும் உருவமும்’, ‘வெள்ளை மொழி’. லிவிங் ஸ்மைல் வித்யாவோட ‘நான், வித்யா’. இந்தத் தன்வரலாறு கன்னடத்துல படமாகி, அதுல நடிச்ச சஞ்சாரி விஜய்க்கு தேசிய விருதே கிடைச்சது. சு.சமுத்திரத்தோட ‘வாடாமல்லி’ நாவலும் உண்டு. இலக்கிய விழா வேணுமா? ‘குயர் சென்னை கிரானிக்கிள்ஸ்’ அமைப்பு 2018-ல மயிலாப்பூர் கவிக்கோ மன்றத்துல ‘குயர் லிட்ஃபெஸ்ட்’ நடத்துச்சு. தமிழ்லயே அமர்வுகள், தமிழ்லயே சண்டை. அதுதான் ஸ்பெஷல்!

வார்த்தையில இருக்கு விஷயம்

என் ஜோக்குல பெரிய தப்பே இதுதான். ஒரே வார்த்தையால எல்லாரையும் அடிச்சுட்டிருந்தேன். ஆணா வளர்க்கப்பட்டு, தன்னைப் பெண்ணா உணர்றவங்க திருநங்கை. பெண்ணா வளர்க்கப்பட்டு, தன்னை ஆணா உணர்றவங்க திருநம்பி. பிறக்கும்போதே உடல் ஆண், பெண்ங்கற ரெண்டு வகைக்குள்ள அடங்காதவங்க ஊடுபால். ஆணுக்கு ஆண் மேலயோ, பெண்ணுக்குப் பெண் மேலயோ ஈர்ப்பு வந்தா தன்பாலீர்ப்பு. என் ரூம்மேட் இதுல கடைசி வகை. ‘தான் யார்’ங்கறது ஒரு கேள்வி, ‘யாரைப் பிடிக்கும்’ங்கறது வேற கேள்வி. எல்லாரையும் சேர்த்துச் சொல்ல ‘பால்புதுமையர்’. மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லி, 2022 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு இப்படி ஒரு சொற்பட்டியலையே அரசிதழ்ல வெளியிட்டுச்சு.

அந்த வழக்கு சூப்பர் கதை பாஸ். ரெண்டு பொண்ணுங்க ஒருத்தரை ஒருத்தர் விரும்பி, மதுரையில இருந்து கிளம்பி சென்னைக்கு வந்துட்டாங்க. வீட்டுல ‘காணோம்’னு போலீஸ் கம்ப்ளெயின்ட். பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனாங்க. விசாரிச்ச நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் என்ன பண்ணார் தெரியுமா? ‘இதைப் பத்தி எனக்கே இன்னும் சரியாப் புரியல’ங்கற மாதிரி ஒத்துக்கிட்டு, மனநல ஆலோசகர்கிட்ட உட்கார்ந்து பாடம் கேட்டார். ஜட்ஜே க்ளாஸுக்குப் போனார்! 2021 ஜூன் 7 அன்னிக்கு வந்த உத்தரவுல, ‘குணப்படுத்தறேன்’னு சொல்லி நடக்கற ‘மாற்று சிகிச்சை’ எதுவும் கூடாதுன்னு தடை போட்டார். அவருக்கே க்ளாஸ் தேவைப்பட்டுச்சுன்னா நமக்கு அட்டெண்டன்ஸ் கொஞ்சம் ஷார்ட்டேஜ்தானே?

எல்லாம் கிடைச்சாச்சுன்னு நெனச்சுடாதீங்க. 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துடுச்சு. ஆனா 2025 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட், கல்யாணம் மட்டும்தான் குடும்பம்னு இல்ல, ‘தேர்ந்தெடுத்த குடும்பம்’னும் ஒண்ணு இருக்குன்னு சொல்லியிருக்கு. ஏணியும் பாம்புமா ஆட்டம் போயிட்டிருக்கு.

கிளம்பறதுக்கு முன்னாடி...

* போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. உங்களுக்கு அது ஒரு ஸ்டேட்டஸ். ஃபிரேம் ஓரத்துல நிக்கறவனுக்கு அது வீட்டை விட்டு வெளியே போகச் சொல்ற காரணமா ஆகலாம்.

* அங்கே யாரைப் பார்த்தாலும், திங்கட்கிழமை க்ளாஸ்ல சொல்லாதீங்க. ‘உன்னை அங்க பார்த்தேனே!’ன்னு காரிடார்ல கத்தறது நட்பு இல்ல.

* ‘நீ ஆணா, பெண்ணா?’ வேண்டாம். பேரைக் கேளுங்க. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. போதும்.

* கூட வர்றவங்க எல்லாரும் ‘அந்த ஆளுங்க’ இல்ல. நண்பன், அக்கா, அம்மா எல்லாரும் வருவாங்க. அதனால ‘போனா என்ன நெனைப்பாங்க’ங்கற பயத்தை ஹாஸ்டல்லயே வெச்சுட்டு வாங்க.

ஹாஸ்டல்ல யாராவது தொல்லை பண்றாங்களா? யு.ஜி.சி. 2016-ல ராகிங் விதிகளைத் திருத்தினப்போ, பாலின அடையாளம், பாலீர்ப்பு காரணமா பண்ற தொல்லையையும் ராகிங்லயே சேர்த்துடுச்சு. ‘சும்மா ஜாலிக்கு’ங்கற சாக்கு செல்லாது. ராகிங் புகாருக்கு இலவச எண் 1800-180-5522. மனசு தாங்கலைன்னா டெலி-மானஸ் 14416, எந்நேரமும், தமிழ்லயும் பேசலாம். வீட்டுல அடைச்சு வெச்சாலோ, மிரட்டினாலோ சட்ட உதவிக்கு 15100.

சரி, போனோமா?

போனோம். வண்டலூர்ல ட்ரெயின் ஏறினதுல இருந்து அவன் ஒரு வார்த்தை பேசல. பையில ஒரு தொப்பி, ஒரு மாஸ்க். எழும்பூர்ல இறங்கினதும் ரெண்டையும் போட்டுக்கிட்டான். பறைச் சத்தம் தூரத்துல கேட்டுச்சு. வானவில் கொடிங்க தெரிஞ்சுது. ரோட்டு ஓரம் வரைக்கும் வந்தவன் அங்கேயே நின்னுட்டான்.

‘‘மச்சி, டி.வி. கேமரா இருக்குடா.’’

பேரணி ரோட்டுல போச்சு. நாங்க பிளாட்பாரத்துலயே, அதே வேகத்துல, அதே திசையில நடந்தோம். யாரோ ரெண்டு பேர் பஸ் ஸ்டாப்புக்குப் போற மாதிரி. பாதி தூரத்துல, கூட்டத்துல இருந்து ஒரு அம்மா விலகி எங்க பக்கம் வந்தாங்க. எங்க அம்மா வயசு இருக்கும். கையில தண்ணி பாட்டில். அவன்கிட்ட நீட்டி, ‘‘சாப்பிட்டியாப்பா?’’ன்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேட்கல. அவன் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. ‘‘சாப்பிட்டேம்மா’’ன்னான்.

திரும்பி வர்றப்போ ட்ரெயின்ல, சைதாப்பேட்டை தாண்டினதும் சொன்னான்: ‘‘அம்மாகிட்ட சொல்லணும்டா. இப்ப இல்ல. வேலை கிடைச்சப்புறம். துரத்தினாலும் வாடகை கட்ட காசு இருக்கணும்ல?’’ கேம்பஸ் இன்டர்வியூன்னா எனக்கெல்லாம் பைக் வாங்கறது பத்தின கனவு. அவனுக்கு அது வேற கணக்கு.

அன்னிக்கு ராத்திரி மெஸ்ல, வழக்கம்போல ஒருத்தன் அந்த ‘ஒம்போது’ ஜோக்கை ஆரம்பிச்சான். ‘‘விட்றா, போரடிக்குது’’ன்னேன். பெரிய புரட்சியெல்லாம் இல்ல. அவன் பேச்சை மாத்திட்டான், அவ்ளோதான். ஆனா எதிர்ல உட்கார்ந்திருந்த ரூம்மேட் அன்னிக்கு சத்தமா சிரிக்க வேண்டியிருக்கல. நிதானமா சாப்பிட்டான். ரெண்டாவது தடவை சாம்பார் வாங்கினான்.

இப்போ அவன் வேற ஊர்ல வேலையில இருக்கான். இதை எழுதலாமான்னு கேட்டதுக்கு, ‘‘பேர் போடாத, சாம்பாரைப் போட்டுக்கோ’’ன்னுட்டான். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. ஆனா போன வாரம் போன்ல சொன்னான், அடுத்த பேரணிக்கு லீவு போட்டுட்டு வர்றானாம். தொப்பி இருக்கும், மாஸ்க் இருக்குமான்னு தெரியல. பிளாட்பாரத்துல இருந்து இறங்கி ரோட்டுல நடந்து பார்க்கணுமாம்.

நான் ஃப்ரீ. நீங்க?